சர்க்கரை குறைகிறது என்கிறார், சுகர் மாத்திரை ஏன் கொடுக்கிறார்?

கேள்வி: என் மகனுக்கு வயது 27. கோவையில் ஐ.டி. வேலை. போன மார்கழியில் தொண்டை வலி, காய்ச்சல். மறுநாளே சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. இரண்டு நாளில் தெளிந்துவிட்டதால் விட்டுவிட்டோம். மாசியில் மறுபடி அதே கதை. இந்த முறை சிறுநீரக டாக்டரிடம் போனோம். சிறுநீரில் புரதம் ஒரு நாளைக்கு 1.4 கிராம், கிரியாட்டினின் 1.2, பிரஷர் 146/94. பயாப்ஸி செய்து ‘ஐஜிஏ நெஃப்ரோபதி’ என்றார்கள். “ரத்தத்தில் இருக்கிற ஆன்டிபாடியில் ஒரு சர்க்கரை குறைகிறது, அதனால் வருவது” என்று டாக்டர் சொன்னார். வெளியே கூட்டம் நின்றது, அதற்கு மேல் கேட்க முடியவில்லை. ஹெச்பிஏ1சி 5.3தான். ஆனால் எழுதிக்கொடுத்த மாத்திரைகளில் ஒன்று சுகர் மாத்திரை என்று மருந்துக்கடைத் தம்பி சொல்கிறார். சர்க்கரை குறைவாக இருப்பவனுக்கு அதை மேலும் குறைக்கிற மாத்திரை எதற்கு? குறைவது கேலக்டோஸாம், அது பாலில் இருக்கிறதாம். பால் நிறையக் கொடுக்கலாமா? என் அண்ணன் நாட்டு மருந்திலேயே சரியாகும் என்கிறார். மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மகளுக்கும் இது வருமா?
— ஒரு தாய், ஈரோடு

பதில்:

அம்மா, உங்கள் டாக்டர் சொன்னதும் சரி, மருந்துக்கடைத் தம்பி சொன்னதும் சரி. குழப்பம் அந்த ஒரே வார்த்தையால் வந்தது. உங்கள் கடிதத்தில் ‘சர்க்கரை’ மூன்று இடத்தில் வருகிறது, மூன்றும் மூன்று வேறு சங்கதிகள். நம் ஊரில் சர்க்கரை என்றாலே நோயின் பெயராகிவிட்டது. கல்யாண வீட்டில் “உங்களுக்குச் சர்க்கரை உண்டா?” என்று கேட்டால் யாரும் காப்பிக்கா என்று திருப்பிக் கேட்பதில்லை.

முதல் சர்க்கரை, ரத்தத்தில் ஓடும் குளுகோஸ். மகனுக்கு அது சரியாக இருக்கிறது. ஹெச்பிஏ1சி 5.3 என்றால் நீரிழிவு இல்லை. அந்தப் பரிசோதனையே ஹீமோகுளோபினில் எவ்வளவு குளுகோஸ் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதுதான். ஆனால் அது அழையா விருந்தாளி. ரத்தத்தில் குளுகோஸ் அதிகமானால் தானாகவே போய் ஒட்டும், யாரும் ஒட்டவைப்பதில்லை.

இரண்டாவது சர்க்கரைதான் மகனுடைய நோய்க்கு வேர். நம் செல்கள் புரதம் செய்யும்போது பல புரதங்களை வெறுமனே வெளியே விடுவதில்லை. கோல்ஜி என்ற பட்டறைக்குள் அனுப்பி, நொதிகளைக் கொண்டு, இந்த இடத்தில் இந்தச் சர்க்கரை, அதன்மேல் அந்தச் சர்க்கரை என்று ஒவ்வொன்றாகக் கோர்த்துத்தான் அனுப்பும். ஒரு மூலக்கூறு மாறினாலும் விஷயமே மாறிவிடும். ரத்த குரூப்பைப் பாருங்கள். சிவப்பணுவின் மேல் இருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் கேலக்டோஸ் இருந்தால் பி குரூப். அதே இடத்தில் அதன் நெருங்கிய உறவான என்-அசிட்டைல் கேலக்டோசமின் இருந்தால் ஏ குரூப். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் மாற்றி ஏற்றினால் உயிர் போகும். அந்தச் சங்கிலியின் அடியில் ஃப்யூகோஸ் என்ற இன்னொரு சர்க்கரை சேராமலே போனவர்களும் உண்டு. 1952-இல் மும்பையில் கண்டுபிடித்தார்கள், அதனால் பம்பாய் குரூப் என்றே பெயர். அவர்களுக்கு ஓ குரூப் ரத்தம்கூட ஆகாது.

இப்போது உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். தொண்டை, மூக்கு, குடல் என்று வெளியுலகம் உடம்பைத் தொடுகிற இடங்களையெல்லாம் காவல் காக்கும் ஆன்டிபாடிதான் ஐஜிஏ. மற்ற எல்லா ஆன்டிபாடிகளையும் சேர்த்தாலும் உடம்பு தினம் இதைத்தான் அதிகமாகச் செய்கிறது. இதில் ஐஜிஏ1 என்ற வகைக்கு, கைகள் இரண்டும் உடலோடு சேரும் இடத்தில் கதவுக் கீல் மாதிரி வளையும் பகுதி ஒன்று உண்டு. அந்தக் கீலில் சர்க்கரை தொங்கவிடக்கூடிய இடங்கள் ஒன்பது. வழக்கமாக மூன்றிலிருந்து ஆறு வரை நிரம்பியிருக்கும்.

பட்டுப்புடவை முந்தானையில் குஞ்சம் கட்டுவார்களே, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நூலிலும் முதலில் ஒரு மணி: என்-அசிட்டைல் கேலக்டோசமின். அதற்குக் கீழே இரண்டாவது மணி கேலக்டோஸ். நுனியில் சயாலிக் அமிலம். இப்படிக் கோர்த்தால் குஞ்சம் சரி. உங்கள் மகனுக்கு உடம்பு செய்யும் ஐஜிஏ1-இல் ஒரு பங்குக்கு, சில நூல்களில் அந்த இரண்டாவது மணி விழவில்லை. கேலக்டோஸைக் கோர்க்கும் நொதி மந்தமாக வேலை செய்தாலும் இப்படி ஆகும். வேறொரு நொதி அவசரப்பட்டு, முதல் மணியின் மேலேயே சயாலிக் அமிலத்தைக் கோர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாலும் ஆகும். முடிச்சு விழுந்த பிறகு நடுமணிக்கு இடம் ஏது?

மணி ஒன்று குறைந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். மறைந்திருக்க வேண்டிய முதல் மணி இப்போது வெளியே தெரிகிறது. சில கிருமிகளின் மேற்பரப்பிலும் இதே சர்க்கரை இருப்பதால், இதை அடையாளம் காணும் ஆன்டிபாடிகள் சிலருடைய ரத்தத்தில் முன்பே தயாராக இருக்கும் என்பது ஒரு கருத்து. அவை தம் வீட்டு ஐஜிஏவையே வேற்றாள் என்று நினைத்துப் பிடித்துக்கொள்கின்றன. ஐஜிஏவும் அதைப் பிடித்த ஆன்டிபாடியும் சேர்ந்து பெரிய கட்டியாகிவிடும். சாதாரண ஐஜிஏவைக் கல்லீரல் அவ்வப்போது எடுத்து அழித்துவிடும், இந்தப் பெரிய கட்டிகள் அதற்குத் தப்பிவிடுகின்றன. சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில், நுண்குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் இடைப்பகுதியில் போய்ப் படிகின்றன. ஒரு சிறுநீரகத்தில் இப்படிப்பட்ட வடிகட்டிகள் ஏறத்தாழ 10 லட்சம். படிந்த இடத்தில் அழற்சி வரும். ரத்தமும் புரதமும் சிறுநீரில் கசியும். வருடக்கணக்கில் நீடித்தால் தழும்பு விழும்.

மகனுக்கு எடுத்த பயாப்ஸித் துணுக்கில் ஒரு பகுதியை, ஐஜிஏவை மட்டும் தேடிப் பிடிக்கிற ஒளிரும் சாயம் போட்டு இருட்டறையில் பார்த்திருப்பார்கள். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தால் சுற்றிலும் கறுப்பு. நடுவில் இலையுதிர்ந்த ஒரு குட்டி மரம் பச்சையாக எரிவது போல, கிளை கிளையாக ஐஜிஏ. ஆயிரம் முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி, நோய் என்று தெரிந்தாலும் அழகு. 1968-இல் பாரிஸில் ழான் பெர்ஜே என்ற நோய்க்குறியியல் மருத்துவர், நிக்கோல் ஆங்லேயோடு சேர்ந்து முதலில் எழுதியது இதைத்தான். பெர்ஜே நோய் என்று இதற்கு இன்னொரு பெயர் உண்டு. ஐஜிஏ படிகிறது என்று அவர்கள் சொன்னார்கள். எந்த மணி குறைவதால் படிகிறது என்பது பிடிபட அதன் பிறகு பல வருடங்கள் ஆயின.

குற்றம் சிறுநீரகத்தில் இல்லை என்பதற்கு ஒரு நல்ல சாட்சியும் உண்டு. ஐஜிஏ படிந்த சிறுநீரகம் தெரியாமல் வேறு நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. சில வாரங்களில் படிவு தானாக மறைந்துவிட்டது என்று 1982-இல் பதிவு செய்திருக்கிறார்கள். மறுபக்கம், ஐஜிஏ நோயாளிக்குப் பழுதில்லாத சிறுநீரகம் பொருத்தினாலும் சிலருக்கு அதிலும் படிகிறது. ரத்தத்தில் வரும் சரக்குதான் பழுது.

தொண்டை வலி வந்த மறுநாளே சிறுநீர் நிறம் மாறியது என்று எழுதியிருக்கிறீர்களே, டாக்டருக்கு முதல் துப்பு அதுதான். தொண்டையில் கிருமி வந்ததும் ஐஜிஏ உற்பத்தி எகிறும், பழுதானதும் கூடவே எகிறும். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வரும் இன்னொரு சிறுநீரக அழற்சியில் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் நிறம் மாறும். இரண்டு நாளில் தெளிந்ததைச் சரியாகிவிட்டது என்று விட்டீர்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் விடுவார்கள், அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

பால் கேள்வி. என்னிடம் இதை இதுவரை யாரும் கேட்டதில்லை, ஆனால் நியாயமான கேள்வி. பாலில் இருக்கும் லாக்டோஸில் பாதி கேலக்டோஸ்தான். ஆனால் மகன் உடம்பில் கேலக்டோஸுக்குப் பஞ்சமே இல்லை. பாலே குடிக்காதவர் உடம்பும் குளுகோஸிலிருந்து அதைச் செய்துகொள்ளும். அதே ஐஜிஏவின் வேறு இடங்களில் அதே செல் கேலக்டோஸை ஒழுங்காகவே கோர்த்திருக்கிறது. மணி டப்பா நிறைய இருக்கிறது, கோர்க்கும் கைதான் அந்த ஒரு நூலில் தவறுகிறது. இன்னும் இரண்டு படி மணி வாங்கிக் கொட்டி என்ன செய்ய? காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர் என்று வழக்கம்போலக் கொடுங்கள்.

சர்க்கரையைச் சாப்பிட்டே சரியாகும் நோய் கிடையாதா என்றால், உண்டு. உடலில் சர்க்கரை கோர்க்கும் வேலை பிறவியிலேயே கெட்டுப்போகும் அரிய நோய்க் கூட்டம் ஒன்றை 1980-இல் பெல்ஜியத்தில் முதன்முதலாக அடையாளம் கண்டார்கள். அதில் ஒரு வகையில் குழந்தைக்கு மேனோஸ் என்ற சர்க்கரையைத் தயாரிக்கும் பாதை அடைபட்டிருக்கும். குடல் வழியாகப் புரதம் போய்விடும், ரத்தம் சரியாக உறையாது, கல்லீரல் கெடும். அந்தக் குழந்தைக்கு மேனோஸையே வாயால் கொடுத்தால் அடைபட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போய்ச் சேர்ந்துவிடும், குழந்தை தேறிவிடும். 1998-இல் வந்த செய்தி இது. அங்கே டப்பாவில்தான் மணி இல்லை, அதனால் பலித்தது. இங்கே பலிக்காது.

உங்கள் டாக்டர் சொன்ன மாதிரிப் பிழை இந்த ஒரு நோயோடு நிற்பதில்லை. முடக்குவாதம் இருப்பவர்களுக்கு ஐஜிஜி என்ற ஆன்டிபாடியில் கேலக்டோஸ் குறைந்திருப்பதை 1985-லேயே பார்த்துவிட்டார்கள். கர்ப்பமான மாதங்களில் பல பெண்களுக்கு அந்த மூட்டுவலி தணியும், கேலக்டோஸும் கூடும். பிரசவத்துக்குப் பின் வலியும் திரும்பும், கேலக்டோஸும் இறங்கும். எது எதை இழுக்கிறது என்று இன்றும் வாதாடுகிறோம். புற்றுநோய் டாக்டர்கள் எழுதும் சிஏ 19-9 பரிசோதனையும் ஒரு சர்க்கரைக் கோர்வையைத் தேடுவதுதான். அதைச் செய்யும் நொதியே பிறவியில் இல்லாதவர்களுக்குக் கணையப் புற்று முற்றியிருந்தாலும் அந்த எண் ஏறாது. இந்தப் பேச்சை எடுத்தால் நிறுத்தத் தெரியாது எனக்கு. மாத்திரைக்கு வருகிறேன்.

மூன்றாவது சர்க்கரை அந்த ‘சுகர் மாத்திரை’. பெயர் எழுதவில்லை, அநேகமாக டாபாகிளிஃப்ளோசின் அல்லது அதன் பங்காளி ஒன்றாக இருக்கும். நீரிழிவுக்காக வந்த மருந்துதான், ஆகவே தம்பி பொய் சொல்லவில்லை. சிறுநீரகம் வடிகட்டிய குளுகோஸையும் உப்பையும் திரும்ப உறிஞ்சும் வாசல் ஒன்றை இது அடைக்கிறது. அதனால் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தம் குறைகிறது. நீரிழிவே இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் இது காப்பு என்று 2020-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதில் ஐஜிஏ நோயாளிகளும் இருந்தார்கள். நீரிழிவு இல்லாதவருக்கு இது சுகரைத் தாழ்த்தி மயக்கம் வரவைப்பது மிக அரிது. மகன் பிறப்புறுப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், அங்கே பூஞ்சைத் தொற்று வரலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிடவே முடியாத காய்ச்சல் என்றால் அந்த நாட்களுக்கு மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டருக்குப் போன் செய்து கேட்கச் சொல்லுங்கள். கூடவே பிரஷர் மாத்திரை ஒன்றும் இருக்கும். பெயர் ‘ப்ரில்’ என்றோ ‘சார்டன்’ என்றோ முடிந்தால் அது பிரஷருக்கு மட்டும் அல்ல, புரதம் கசிவதைக் குறைக்கவும்தான். ஆரம்பித்த சில வாரங்களில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததே. அதையும் பொட்டாசியத்தையும் பார்க்க டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதுவார். நல்லாத்தானே இருக்கிறான் என்று அதைத் தவறவிடாதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டு மாத்திரையும் விடுபட்ட மணியைக் கோர்ப்பதில்லை, வடிகட்டியைத்தான் காக்கின்றன. மூலத்தைத் தொடப் பார்க்கும் மருந்துகள் இப்போதுதான் வருகின்றன. சிறுகுடலின் கடைசிப் பகுதியில், ஐஜிஏ செய்யும் செல்கள் குவிந்திருக்கும் இடத்தில் போய்க் கரையும் புடசொனைடு கேப்ஸூலுக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவோ, பழைய ஸ்டீராய்டோ மகனுக்குத் தேவையா என்பது அந்த 1.4 கிராமைப் பொறுத்தது. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தும் எண் அதுதான். 0.5-க்குக் கீழே வர வேண்டும், இன்னும் இறங்கினால் நல்லது. பிரஷரில் மேல் எண் 120 பக்கம் வர வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் இந்திய ஐஜிஏ நோயாளிகள் 201 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், நம்மவர்களுக்கு நோய் வேகமாகவே முன்னேறுவதைப் பார்த்தார்கள். பயமுறுத்த எழுதவில்லை. இப்போது உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாது, அதனாலேயே ஆறு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிற பையன்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சாப்பாட்டில் உப்புதான் எதிரி. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் வேண்டாம். கோவையில் தினம் ஓட்டல் சாப்பாடு என்றால் இந்தக் கணக்கு காலைக்குள்ளேயே முடிந்துவிடும். வாரம் ஐந்து நாளாவது டிபன் கேரியர் ஏற்பாடு செய்ய முடியுமா பாருங்கள். புரதப் பவுடர் எதுவும் ஜிம்மில் கொடுத்தால் வாங்கவேண்டாம். தலைவலி, உடம்புவலிக்கு டைக்லோஃபினாக் வகை வலிமாத்திரை கூடாது, பாரசிட்டமால் போதும். டான்சில் எடுத்தால் சரியாகுமா என்று அடுத்து யாராவது சொல்வார்கள். ஜப்பானில் செய்கிறார்கள், மற்ற நாட்டவருக்குப் பொதுவாக நாங்கள் சொல்வதில்லை.

அண்ணன் சொல்லும் நாட்டு மருந்து. அவரோடு சண்டை வேண்டாம். எந்த மருந்து, அதில் பற்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்ந்தது ஏதாவது உண்டா, பொட்டலத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பெயரில்லாத பொடி என்றால் வேண்டாம். கசிந்துகொண்டிருக்கும் வடிகட்டிக்குப் பாதரசமும் ஈயமும் தாங்காது. அதைவிடக் கெடுதல், பொடியை நம்பி மாத்திரையை நிறுத்துவது. அப்படி நிறுத்திவிட்டு நான்கு மாதம் கழித்து, கால் வீங்கி, தலைவலியோடு வந்த ஒருவருக்கு அன்று காலை 190/110 இருந்தது. வயது 31.

கல்யாணத்துக்குத் தடை இல்லை. மறைத்துச் செய்யாதீர்கள். தினமும் இரண்டு மாத்திரை போடுகிறவரை மனைவியிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்? குழந்தைக்கு வருமா என்றால், மணி குறையும் தன்மை ஓரளவு குடும்பத்தில் ஓடும். நோயாளியின் கூடப்பிறந்தவர்கள் ரத்தத்திலும் அந்தப் பழுதான ஐஜிஏ அதிகமாக இருக்கலாம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஆயுசுக்கும் நன்றாகவே இருப்பார்கள். மணி குறைவது மட்டும் போதாது. அதைப் பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டும், கட்டியாக வேண்டும், போய்ப் படியவும் வேண்டும். எல்லாம் கூடினால்தான் நோய். மகளுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று, பிரஷர் ஒரு முறை, அவ்வளவு போதும். கேலக்டோஸ் குறைந்த ஐஜிஏவை அளக்கும் பரிசோதனை ஆராய்ச்சிக்கானது, எந்த லேபிலாவது பேக்கேஜில் விற்றாலும் பணம் கட்டாதீர்கள்.

மகனுக்கு அடுத்து சிறுநீர் டெஸ்ட் எடுக்கும்போது ‘சுகர் ++++’ என்று வரும். லேபில் இருப்பவர் உங்களைப் பாவமாகப் பார்ப்பார், அண்ணனும் போன் செய்வார். பதற வேண்டாம். ரத்தத்தில் சர்க்கரை ஏறியதால் வந்தது இல்லை அது. வாசல் அடைபட்டதால் வெளியே போகும் குளுகோஸ் அது. கோவையில் தனியாக இருந்தாலும் பையன் மாத்திரையைத் தவறாமல் போடுகிறான் என்று தெரிந்துகொள்ளலாம்.